மேப்ல விட்டுப்போன நாள்

நாமக்கல்ல செத்துப்போனவங்கள்ல ஒருத்தர்கூட குடிச்சதில்ல. பொண்டாட்டிய அடிச்சதில்ல, சீட்டாடுனதில்ல, சிவப்பு லைட்ட தாண்டுனதில்ல. சந்தேகம்னா ‘தேடி’ங்கற தேடுற எஞ்சின்ல போய் யார் பேரயாச்சும் போட்டுக் கேட்டுப் பாருங்க. கோயிலுக்குப் போனது, புள்ளைங்களுக்கு மிட்டாய் வாங்கிட்டு வந்தது, ரோட்டுல நின்னுபோன பஸ்ஸ இறங்கித் தள்ளுனது, இப்படித்தான் வரும். அத்தன பேரும் உத்தமங்க. இந்த வேலைய செஞ்சு வச்சிருக்கறது பரமத்தி ரோட்டுல, டயர் கடைக்கு மாடில இருக்குற ரெண்டு ரூம் ஆபீஸ். அதுல ஜன்னல் பக்கத்து சேர்ல உக்காந்து மேப் போடுறவ மிதுனா. வயசு இருவத்தாறு.

மேப்னா ரோடு மேப்னு நெனச்சுராதீங்க, சைட்மேப். ஆபீஸ் நடத்துற அர்ஷத்தோட அப்பா காலத்துல அத வெப்சைட்டுக்குத்தான் போடுவாங்க. ஒரு லாரி புக்கிங் கம்பெனி வெப்சைட் வச்சிருக்கும், அதுல ஆயிரம் பக்கம் இருக்கும், தேடுற எஞ்சினுக்கு அத்தனையும் படிக்க எங்க நேரம்? அதனால, ‘எங்கிட்ட இந்தந்தப் பக்கம் இருக்கு, கடைசியா இந்தத் தேதில மாத்துனேன், வந்து பாத்துக்கோ’ன்னு ஒரு பட்டியல் எழுதி வாசல்ல வச்சிருவாங்க. அவ்ளோதான் விஷயம். வெப்சைட்டெல்லாம் அப்புறம் போயிருச்சு, பட்டியல் மட்டும் நின்னுருச்சு. இப்ப அது மனுஷங்களுக்கு. அதுவும் செத்த மனுஷங்களுக்கு.

இருவது வருஷத்துக்கு முன்னாடி வண்டி ஓட்டுறவங்க எல்லாரும் சட்டைக் காலர்ல ‘சாட்சி’ மாட்டணும்னு சட்டம் வந்துச்சு. துவரம்பருப்பு சைஸ்ல ஒரு பட்டன். பாக்கறது, கேக்கறது எல்லாத்தையும் பதிஞ்சு வச்சுக்கும். கோர்ட்டு பேர் சொல்லிக் கேட்டா ஒழிய, உசுரோட இருக்கற வரைக்கும் அடுத்தவங்க யாரும் அத தொடக்கூடாது. ஆளு போயாச்சுன்னா, பதினாறாம் நாள் கருமாதி அன்னிக்கு வீட்டுக்காரங்க அத தொறந்து விடணும். தேடியோட பூச்சி வந்து படிச்சுட்டுப் போகும். பூச்சின்னா கண்ணுக்குத் தெரியற பூச்சி இல்ல, படிக்கிற புரோகிராமுக்கு ஆபீஸ்ல வச்ச பேரு. அதுக்கப்புறம் யாரு என்ன கேட்டாலும் செத்தவர் பாத்ததுலருந்து பதில் வரும்.

இதுல ரெண்டே விதி. செத்தவரோட பதிவுல ஒரு நாள அழிச்சா ஜெயிலு. மேப்ல ஒரு நாள போடாம விட்டா, ஒண்ணும் கெடையாது. பூச்சி மேப்ல இருக்கற நாளப் படிக்கும், அந்த நாள் வேற எந்த நாளயாச்சும் கை காட்டுச்சுன்னா அங்கயும் போகும். மேப்லயும் இல்ல, யாரும் கையும் காட்டல அப்படின்னா, அந்த நாள் பாட்டுக்கு அங்கயே கெடக்கும். பத்திரமா இருக்கும், ஒருத்தரும் வரமாட்டாங்க. அர்ஷத்தோட மொத்த தொழிலும் இந்த ரெண்டு விதிக்கும் நடுவுல இருக்கற சந்துலதான் ஓடுச்சு. நாம எதையும் மறைக்கலம்மா, சொல்லல, அவ்ளோதான்னு வேலைக்குச் சேந்த அன்னிக்கே மிதுனாகிட்ட சொல்லிட்டாரு. அவளுக்கும் அது நியாயமாத்தான் பட்டுச்சு. முன்னூறு மேப்புக்கு மேல போட்டுட்டா.

மயில்சாமியோட பதிவு வந்தது அவரு செத்த பதினோராம் நாள். லாரி டிரைவர், அம்பத்தெட்டு வயசு, இதயத்துல வால்வு கோளாறு. சம்சாரம் கோகிலவாணி, ஒசூர்ல கட்டிக் குடுத்த ஒரு பொண்ணு. ஏழாயிரத்துச் சொச்சம் நாள் இருந்துச்சு. மேப் போடுறவங்களுக்கு உள்ள என்ன இருக்குன்னு பாக்க அனுமதி இல்ல, மேல ஒட்டுன லேபிள் மட்டும்தான் தெரியும்: தேதி, எடம், வண்டி எவ்ளோ நேரம் ஓடுச்சு, எவ்ளோ நேரம் நின்னுச்சு, கடைசியா எப்ப தொட்டாங்க. அது போதும். பெங்களூர் போயிட்டு வந்தது மட்டும் அறுநூறு தடவ இருந்துச்சு, அதுல ஒண்ண வச்சுக்கிட்டு மிச்சத்த விட்டா. வீட்டுக்காரங்க தேதி சொல்லியிருந்த பொண்ணு கல்யாணத்த மேல ஏத்துனா. ஒரு டாஸ்மாக் வாசல்ல நாலு மணி நேரம் நின்ன லேபிள பாத்துட்டு சிரிச்சுக்கிட்டே தாண்டிப் போனா.

அப்புறம் ஒத்திகை. இது இந்த ஆபீஸோட பழக்கம். தேடியில காத்திருக்கற கேள்வின்னு ஒரு வகை உண்டு. பதில் இல்லாத கேள்விய அங்க விட்டு வச்சோம்னா, என்னிக்காச்சும் பதில் வந்தா அது நம்மள கூப்பிடும். வருஷத்துக்கு ஒரு தடவ ‘இன்னும் வேணும்’னு புதுப்பிக்கணும், இல்லன்னா செத்துப்போயிரும். ஒரு ஆளோட மொத்தப் பதிவையும் தொறந்தா எந்தெந்தக் கேள்விக்கு பதில் போகும்னு மேப் குடுக்கறதுக்கு முன்னாடியே ஓட்டிப் பாத்துருவாங்க. கருமாதி சாப்பாட்டுப் பந்தியில குடும்பத்துக்கு ஒரு அதிர்ச்சி வந்துரக்கூடாதுல்ல.

மயில்சாமிக்கு ஒம்பது கேள்வி மாட்டுச்சு. ஹூப்ளில மெஸ் வச்சிருக்கற ஒருத்தர், சிவப்புக் குடைய விட்டுட்டுப் போனது யாருன்னு ஆறு வருஷமா கேட்டுக்கிட்டு இருந்தாரு. கரூர்ல ஒருத்தருக்கு தன்னோட பழைய நாய் எந்தப் பக்கம் ஓடுச்சுன்னு தெரியணும். இப்படி எட்டு போச்சு. ஒம்பதாவத மிதுனா ரெண்டு தடவ படிச்சா.

‘நவநீதன், வயசு இருவத்திரெண்டு. கார்த்திகை மாசம், விடியக்காலைல, விஜயமங்கலம் பைபாஸ். என் பையன் விழுந்து கெடந்தப்ப பக்கத்துல யாராச்சும் இருந்தாங்களா?’

கேட்டவங்க பேரு தெய்வானை. கேட்டு பதினோரு வருஷம் ஆகுது. பதினோரு தடவயும் புதுப்பிச்சிருக்காங்க.

பதில் இருக்கற நாள் ஒண்ணே ஒண்ணுதான். மயில்சாமியோட வண்டி அந்த பைபாஸ்ல, காலைல அஞ்சு இருவதுக்கு நின்னிருக்கு. மேப்ல போட்ட வேற எந்த நாளும் அந்த நாள கை காட்டல. விட்டா, விட்டதுதான்.

மிதுனா அர்ஷத்த கூப்பிட்டா. அவரு வந்து, கண்ணாடிய நெத்திக்கு ஏத்திக்கிட்டு, ஸ்க்ரீனுக்குக் கிட்ட மூஞ்சிய கொண்டுபோய்ப் பாத்தாரு. இன்னொண்ணயும் அவருதான் கண்டுபிடிச்சாரு. பதிவோட வாசல்ல ஏற்கனவே ஒரு மேப் இருந்துச்சு. மயில்சாமியே போட்டது, சாகறதுக்கு ஒரு வாரம் முன்னாடி. அதுல ஒரே ஒரு வரி. அந்த கார்த்திகை நாள். தேதிக்குப் பக்கத்துல ‘காலை’ன்னு தமிழ்ல வேற அடிச்சு வச்சிருந்தாரு. அதுக்குக் கீழ, முக்கியத்துவம் ஒண்ணு பாயிண்ட் சைபர்னு, அதான் இருக்கறதுலயே உச்ச மார்க்கு. தொழில் தெரிஞ்சவங்க யாரும் அந்த வரிய எழுதவே மாட்டாங்க. எல்லாரும் தன் பக்கம்தான் முக்கியம்னு போட ஆரம்பிச்சதும் தேடி அத பாக்கறத எப்பவோ நிறுத்திருச்சு. ராத்திரி பகலா லோடு அடிச்ச மனுஷன் எங்கயோ ஒரு பழைய பாடத்தப் படிச்சு, தானா உக்காந்து எழுதியிருக்காரு.

ஆனா அதுக்குப் பக்கத்துலயே வாசல் சீட்டும் இருந்துச்சு. ‘யாரும் உள்ள வர வேண்டாம்’னு. பூச்சி மேப்ப தொடறதுக்கு முன்னாடி அந்தச் சீட்டத்தான் பாக்கும். வராதன்னு இருந்தா அப்படியே திரும்பிப் போயிரும். பத்திரிகை அடிச்சுக் குடுத்துட்டு மண்டபத்த பூட்டி வச்ச கணக்குதான்.

“மனசு வந்திருக்கு, தைரியம் வரல” அப்படின்னாரு அர்ஷத். “கடைசி நேரத்துல பூட்டிட்டாரு. அவரு கடைசியா எடுத்த முடிவு அதானம்மா. அவர் மேப்ப எடுத்துட்டு நம்ம மேப்ப வச்சுருவோம். சீட்ட கிழிச்சுருவோம். அந்த ஒரு நாள் வேண்டாம்.”

அந்த அம்மா பதினோரு வருஷமா கேக்குதேண்ணான்னு மிதுனா இழுத்தா.

அர்ஷத் கெட்ட ஆளு கெடையாது. ஜன்னலுக்கு வெளிய கைய காட்டுனாரு. கீழ டயர் கடை வாசல்ல நாலு லாரி நின்னுச்சு. இந்த ஊருல எந்த வீட்டுல லாரி இல்லன்னு கேட்டாரு. ஒரு வீட்டுல ஒண்ணு வெளிய வந்துச்சுன்னா, எங்க வீட்டுக்காரர் பதிவுல என்ன இருக்கோன்னு நாப்பது பொம்பளைங்க தூங்க மாட்டாங்க. பொண்ணு குடுக்கறவன் தேடியில கேட்டுட்டுத்தான் குடுப்பான். அமைதியா சாமி கும்பிட்டு அனுப்பி வச்ச மனுஷங்கள எல்லாம் திரும்பத் தோண்டி எடுத்த மாதிரி ஆயிரும்னு மெதுவாத்தான் சொன்னாரு.

மிதுனாவோட அப்பாவும் லாரிதான். சேலம் போயிருந்தாரு அன்னிக்கு. அவ திரும்ப ஸ்க்ரீனப் பாத்தா. அந்த நாள் இல்லாம மேப்ப முடிச்சா.

முடிச்சுட்டு தேதிய சரிபாத்தா. இது அவளுக்கு ஊறிப்போன பழக்கம். மேப்ல எத வேணாலும் விடலாம், தேதில மட்டும் பொய் சொல்லக்கூடாது. மாத்தாத பக்கத்த மாத்துனேன்னு ஒரு தடவ ஏமாத்துனா, அடுத்த தடவ உண்மைய சொன்னாலும் தேடி நம்பாது. அதனால ஒவ்வொரு வரியா விரல வச்சுப் பாப்பா. வாசல் சீட்டுக்கு வந்தப்ப விரல் நின்னுருச்சு. மயில்சாமி செத்தது ஒரு செவ்வாக்கெழம. சீட்டு வச்சது வியாழக்கெழம காலைல பதினொன்னே காலுக்கு.

“அண்ணா, செத்து மூணாம் நாள் எந்திரிச்சு வந்து பூட்டுனாராண்ணா?” அப்படின்னா.

அர்ஷத் எந்திரிச்சு வந்து பாத்தாரு. மூணாம் நாள்னா பால் ஊத்தற நாளுல்லன்னு வாய்க்குள்ளயே சொல்லிக்கிட்டாரு. அப்புறம், வாரிசுக்கு உரிமை உண்டும்மா, விட்டுரு, அப்படின்னுட்டு அவரு டேபிளுக்குப் போயிட்டாரு. ஆனா மேப்ப வாரிசுகிட்ட ஒரு தடவ வாசிச்சுக் காட்டி கையெழுத்து வாங்கணும்ங்கறது விதி. எப்பவும் போன்ல முடிச்சுருவாங்க. அடுத்த நாள் காலைல மிதுனா வண்டிய எடுத்துக்கிட்டு நேரா போனா. எங்க போறன்னு அர்ஷத் கேக்கல.

சேந்தமங்கலம் ரோட்டுல வீடு. பந்தக்கால் இன்னும் பிரிக்கல. வெளிய பாயும் பெட்ஷீட்டும் காஞ்சுக்கிட்டு இருந்துச்சு. சாவுக்கு வந்த ஒறம்பரை சனமெல்லாம் கெளம்பிப் போயாச்சு, பொண்ணு மட்டும் இருந்தா, அவளும் கருமாதி சாமான் வாங்க டவுனுக்குப் போயிருந்தா. கோகிலவாணி வாசப்படிக்கு உள்ளயே நின்னு வா கண்ணுன்னு கூப்பிட்டு உக்கார வச்சு, ஒரு சொம்பு மோர் குடுத்தாங்க. கருமாதி முடியற வரைக்கும் அவங்க படி தாண்டக்கூடாது.

மிதுனா ஒவ்வொரு வரியா வாசிச்சா. பொண்ணு கல்யாணம், பழனி பாதயாத்திரை, பேத்திக்கு மொட்ட அடிச்சது. கோகிலவாணி தலைய ஆட்டிக்கிட்டே கேட்டாங்க. இந்தப் பூச்சி இது அத்தனையும் படிக்குமான்னு கேட்டாங்க. மேப்ல இருக்கறத மட்டும் படிக்குங்மா, அதுவும் வாசல்ல வராதன்னு சீட்டு இருந்தா எதையும் படிக்காது, திரும்பிப் போயிரும்னு மிதுனா சொன்னா. சொல்லிட்டு நிறுத்துனா.

“அந்த சீட்டு நாந்தான் வெச்சேன்” அப்படின்னாங்க கோகிலவாணி. ஒளிக்கவே இல்ல. “இத மட்டும் அமுத்திப்போடாத, கதவு சாத்திக்கும்னு அவருதான் காட்டிக் குடுத்தாரு. பால் ஊத்த ஆம்பளைங்க எல்லாம் போனதும் மொத வேலையா அதத்தான் அமுத்துனேன்.”

விஷயம் அவங்களுக்குத் தெரிஞ்சே மூணு வாரம்தான் ஆகுதாம். வால்வு மாத்தோணும்னு டாக்டர் சொன்ன அன்னிக்கு, வீட்டுக்கு வந்து சட்டையக்கூட கழட்டாம சொல்லியிருக்காரு. பனிக்காலத்துல விஜயமங்கலத்துக்கிட்ட சைக்கிள்ல வந்த ஒரு பையன தட்டிப்போட்டேன், மில்லுக்குப் போற பையன், எறந்துட்டான், நான் வந்துட்டேன்னு. அவ்ளோதான் சொன்னாரு. அதுக்கு மேல இவங்களும் கேக்கல. முப்பத்திரெண்டு வருஷம் கூட இருந்த ஆளு, ஒரே நாள்ல ஆரோ மாதிரி ஆயிட்டாருன்னாங்க. மருமகன் கேட்டா என்ன சொல்றது, பேத்தி பெரிசாகித் தாத்தா பேர போட்டுக் கேட்டா என்ன வரும்.

“அவருக்கென்ன சாமி, எழுதி வெச்சுப்போட்டு போய்ட்டாரு. நாளைக்கு அந்தப் பையனப் பெத்தவ வந்து கதவத் தட்டுனா தொறக்கறது நானு.”

மிதுனா கைல இருந்த மோர் சொம்ப கீழ வச்சா. மேப்ல கையெழுத்து வாங்கிட்டுப் போயிடலாம், ஒரு நிமிஷ வேல. சொன்னா இந்த அம்மாவுக்கு கஷ்டம், சொல்லலன்னா அந்த அம்மாவுக்கு. அதுக்குமேல யோசிச்சா வாய் வராதுன்னு பட்டுச்சு, சொல்லிட்டா. “அவங்க யாரு தட்டுனாங்கன்னு கேக்கலைங்மா.”

போன எடுத்து அந்தக் கேள்விய வாசிச்சுக் காட்டுனா. பக்கத்துல யாராச்சும் இருந்தாங்களாங்கறத வாசிச்சப்ப கோகிலவாணி மூஞ்சிய திருப்பிக்கிட்டாங்க.

“பக்கத்துல ஆரு இருந்திருப்பா. இவரு தட்டிப்போட்டு வந்துட்டாரு. அது தனியாத்தான் கெடந்திருக்கும்.”

“வண்டி நாப்பத்தோரு நிமிஷம் நின்னிருக்குதுங்மா.”

கோகிலவாணி திரும்பிப் பாத்தாங்க. லேபிள்ல இருக்கறது அதுதான், எனக்கு அதுக்கு மேல தெரியாது, பாக்கவும் கூடாதுன்னு மிதுனா சொன்னா. தட்டிட்டு ஓடுறவங்க நிக்க மாட்டாங்க, நின்னாலும் ரெண்டு நிமிஷம், மூணு நிமிஷம். வாரிசு நீங்க பாக்கலாம்னும் சொன்னா.

கோகிலவாணி கைய மடில வச்சுக்கிட்டாங்க. டீ குடிக்கக்கூட பத்து நிமிஷத்துக்கு மேல வண்டிய நிறுத்த மாட்டாருன்னாங்க, மிதுனாகிட்ட சொன்ன மாதிரி இல்ல. அப்புறம் எந்திரிச்சு, அந்தக் காதுல மாட்டறத குடு கண்ணுன்னு வாங்கிக்கிட்டு, போனோட உள் ரூமுக்குப் போய் கதவ சாத்துனாங்க.

மிதுனா வெளிய உக்காந்திருந்தா. மேல தண்ணி டேங்கு ரொம்பி வழிய ஆரம்பிச்சுச்சு, எந்திரிச்சுப் போய் மோட்டார அமத்துனா. பந்தலுக்குள்ள ஒரு கோழி வந்து எதையோ கொத்திட்டுப் போச்சு. முன்னூறு மேப் போட்டிருக்கோமே, அதுல எத்தன ஒம்பதாவது கேள்விய பாத்தும் பாக்காத மாதிரி தாண்டிருக்கோம்னு யோசனை வந்துச்சு. எண்ணிப் பாக்க ஆரம்பிச்சா, ஏழோட நிறுத்திக்கிட்டா. நாப்பத்தோரு நிமிஷம் தாண்டி, ஒரு மணி நேரம் ஆச்சு.

கதவு தொறந்தப்ப கோகிலவாணி மூஞ்சி கழுவியிருந்தாங்க. முன்தானைல தொடச்சுக்கிட்டே வந்து, அதே எடத்துல உக்காந்தாங்க. கேக்கறதா வேண்டாமான்னு மிதுனாவுக்குத் தெரியல. அவங்களே சொன்னாங்க, கொஞ்சம் கொஞ்சமா, நடுநடுல நிறுத்தி.

இறங்கி ஓடியிருக்காரு. தூக்கி மடில போட்டுக்கிட்டு ரோட்டோரத்துல உக்காந்துட்டாரு. தன்னோட போன எடுக்காம, அந்தப் பையன் போன்லருந்தே ஆம்புலன்ஸுக்கு அடிச்சிருக்காரு. அப்பவே பயம் வந்துருச்சு பாருன்னாங்க. அதனாலதான் பையனே கூப்பிட்டிருக்கான்னு எல்லாரும் நெனச்சிருப்பாங்க. தன்னந்தனியா, நெனவோட கெடந்து, தானே போன் பண்ணியிருக்கான்னு அவங்கம்மா பதினோரு வருஷமா நெனச்சுக்கிட்டு இருந்திருப்பாங்க. அந்தப் பையன் கொஞ்சம் பேசுனானாம். மில்லுல குடுத்த சட்டைய நனைக்கப் போட்டுட்டு வந்துட்டேன்னானாம். தண்ணி கேட்டானாம், இவரு துண்ட நனைச்சு ஒதட்டுல வச்சாராம்.

“எங்கம்மாகிட்ட சொல்லிராதீங்கண்ணா, அது பயந்துக்கும்னு சொன்னான் கண்ணு. இவரும் சொல்லல சாமி, சொல்லலைன்னு தலையத் தடவுனாரு.”

அதுக்கப்புறம் ஒரு பத்து நிமிஷம் பேச்சு இல்லையாம். தூரத்துல ஆம்புலன்ஸ் லைட் தெரிஞ்சதும் துண்ட மடிச்சு தலைக்கு வச்சுட்டு வண்டி ஏறியிருக்காரு.

அப்ப அவரு சொல்லாம இருந்தது அந்த வார்த்தைக்காகவான்னு மிதுனா கேட்டா. கோகிலவாணிக்கு அந்த நெலமைலயும் லேசா கோவம் வந்துச்சு.

“அது ஒரு சாக்கு. எனக்கு அந்த ஆளத் தெரியாதா? சொல்லாதன்னு ஒரு செத்த பையன் சொன்னத கெட்டியா புடிச்சுக்கிட்டாரு, சௌகரியமா போச்சு” அப்படின்னாங்க. கொஞ்சம் பொறுத்து, “ஆனாக்க எந்திரிச்சு ஓடல பாரு. அதுவும் நெசந்தான்” அப்படின்னாங்க.

அப்புறம் பேச்சு வேலைக்குத் திரும்பிருச்சு. அவரோட மேப்ல இருந்த அந்த ஒரு வரிய உங்க மேப்ல சேத்துக்கன்னாங்க. சீட்டையும் அவங்களே போன்ல அமுத்தி எடுத்தாங்க. மேப்ப எப்ப குடுப்ப, பூச்சி எப்ப வரும்னு கேட்டாங்க. கருமாதி அன்னிக்கு சாயங்காலம் குடுப்போம், சாதாரணமா நாலஞ்சு நாள் ஆகுங்மா, ஆனா இத்தன மணிக்கு வரும்னு யாராலயும் சொல்ல முடியாது, மேப் குடுக்கறது கூப்பிடறது மாதிரிதான், வர்றது அதோட இஷ்டம்னு மிதுனா சொன்னா.

“பதினேழாம் நாள் காலைல ஏழு மணிக்கு ஈரோடு பஸ்ஸு இருக்குது” அப்படின்னாங்க கோகிலவாணி. “பெத்தவளுக்கு மெஷின் சொல்லக்கூடாது. அதுக்கு முந்தி நான் போய் சொல்லோணும்.”

தெய்வானையோட ஊரு பேர மட்டும் மிதுனா ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்தா. கேள்வி கேட்டவங்க ஊரச் சொல்றதுகூட விதிக்கு விரோதம். குடுத்துட்டா.

ஆபீஸ்ல அர்ஷத் புது மேப்ப பாத்தாரு. கடைசி வரியப் பாத்தாரு. கையெழுத்து இருக்கான்னு மட்டும் கேட்டாரு. இருக்குண்ணான்னா. மத்தியானம் சாப்பிடறப்ப, எங்க அப்பா இருந்திருந்தா இப்ப என்னைய திட்டியிருப்பாருன்னாரு. எதுக்கு திட்டியிருப்பாருன்னு அவரும் சொல்லல, இவளும் கேக்கல.

பதினாறாம் நாள் சாயங்காலம் அஞ்சு மணிக்கு மிதுனா மேப்ப குடுத்தா. அன்னிக்கு ராத்திரி அவளுக்கு ஒழுங்கா தூக்கம் இல்ல. நாலு நாள் ஆகும், நாலு நாள் ஆகும்னு சொல்லிக்கிட்டா.

காலைல ஒம்பது மணிக்கு ஆபீஸ தொறந்து, பை தோள்ல இருக்கறப்பவே கம்ப்யூட்டர ஆன் பண்ணா. பூச்சி வந்துட்டுப் போயிருந்துச்சு. ஆறு நாப்பதுக்கு. இத்தன வருஷத்துல இவ்ளோ சீக்கிரம் வந்து அவ பாத்ததே இல்ல. எல்லா வரிக்கும் நேரா, படிச்சாச்சுன்னு பச்சை. அந்த கார்த்திகை நாளுக்கும் பச்சை. ஆறு நாப்பதுக்கு கோகிலவாணி பஸ்ஸே ஏறியிருக்க மாட்டாங்க. அப்படின்னா அதே நிமிஷம் விஜயமங்கலம் பக்கத்துல ஒரு வீட்டுல ஒரு போன் அடிச்சிருக்கும். தெய்வானை எடுத்துப் பாத்திருப்பாங்க. ஒரு மெஷின் சொல்லியிருக்கும்.

மிதுனா பைய கீழ வச்சா. அப்புறம் ஒத்திகைப் பட்டியல தொறந்து ஒம்பதாவது கேள்விய தேடுனா. பதில் போயாச்சுன்னு போட்டிருக்கும், எத்தன மணிக்குன்னு பாக்கலாம்னுதான் தேடுனா.

அங்க வேற என்னமோ போட்டிருந்துச்சு. ‘கேட்டவரே திரும்ப எடுத்துக்கொண்டார்.’ அதுக்குப் பக்கத்துல தேதி. மிதுனா வழக்கம்போல அதுமேல விரல வச்சா. மூணு நாளைக்கு முன்னாடி. மயில்சாமி செத்த பதினாலாம் நாள், மத்தியானம் ஒண்ணு அம்பதுக்கு.

கார்த்திகை நாளுக்கு நேரா இன்னொரு தடவ பாத்தா. படிச்சாச்சு, தேடியில இருக்கு, யாரு வேணாலும் கேக்கலாம். கேட்டவங்க எண்ணிக்கை, சைபர்.

அவ கோகிலவாணிக்கு போன் போட்டா. அவங்க வீட்டுலதான் இருந்தாங்க, பின்னாடி பாத்திரம் தேய்க்கற சத்தம் கேட்டுச்சு. கருமாதி முடியாம எப்படிங்மா போனீங்கன்னு கேட்டா. அவங்க மெதுவா, பக்கத்துல யாரும் இல்லன்னு பாத்துக்கிட்டுச் சொன்னாங்க. பதினாலாம் நாள் காத்தால மகள கார் எடுக்கச் சொன்னேன், படி தாண்டக்கூடாதும்மான்னு அழுதா, தாண்டிட்டேன், வண்டில போறப்ப அவளுக்கும் எல்லாத்தையும் சொல்லிப்போட்டேன்னாங்க. நீ நாலு நாளுன்னும் சொன்ன, யாராலயும் சொல்ல முடியாதுன்னும் சொன்ன, எனக்கு உக்காந்திருக்க முடியலன்னாங்க.

தெய்வானை என்ன சொன்னாங்கன்னு கேக்க மிதுனாவுக்கு தைரியம் வரல.

“ஒண்ணும் பேசல கண்ணு” அப்படின்னாங்க கோகிலவாணி. “ரொம்ப நேரம் கழிச்சு, நனைக்கப் போட்ட சட்டைய நாந்தான் தொவைச்சு வெச்சேன்னா. அப்புறம் போன எடுத்துட்டு வந்து, இந்தக் கேள்விய எப்படிங்க எடுக்கறது, எனக்குத் தெரியலியேன்னா. எனக்கு மட்டும் தெரியுமா? ரெண்டு பேரும் கட்டல்ல உக்காந்து அதையும் இதையும் அமுத்தி அமுத்திப் பாத்தோம். அர மணி நேரம் ஆச்சு. உன்னையக் கூப்புடலாம்னுகூட நெனச்சேன், அப்புறம் அதுவா போயிருச்சு.”